வடக்கு வானம் பார்க்கக் கிளம்பிய ஆட்காட்டி

அந்தக் காலத்தில், பறவைகள் நம்மைப் போலவே பேசிக்கொண்டு திரிந்தபோது, குளக்கரையிலேயே சத்தம் போடாத பறவை ஆட்காட்டிதான். இப்போது யாராவது கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அப்போது அதற்கு அந்தப் பெயரே கிடையாது. கண்ணோரத்தில் இன்று தொங்குகிற சிவப்பும் கிடையாது. சந்தேகம் மட்டும் அப்போதும் உண்டு. அதை வெளியே சொல்லாமல் மனசுக்குள்ளேயே போட்டு மென்றுகொண்டிருக்கும்.

தாமிரபரணி பாயும் பக்கத்தில் ஒரு பெரிய குளம். அங்கே பலவேசம் என்ற ஆட்காட்டிக்கும் முப்பிடாதிக்கும் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆட்காட்டிகள் கூடு கட்டாது. வெறுந்தரையில் கூழாங்கல்லை வட்டமாக அடுக்கி முட்டையிடும். முதல் கல்லை வைப்பதற்கு முன்னால் புதுஜோடி எங்கேயாவது பறந்து போய்ச் சுற்றிவிட்டு வர வேண்டும் என்று ஒரு வழக்கம். இன்றைக்குத் தேனிலவு என்கிறோமே, அதுதான். கல்லை வைத்துவிட்டால் அப்புறம் முட்டை, குஞ்சு, காவல் என்று ஆயுசு ஓடிவிடும். பெரும்பாலான ஜோடிகள் அடுத்த குளம்வரை போய்விட்டு, ஏதோ உலகத்தையே பார்த்த மாதிரி திரும்பி வரும்.

முப்பிடாதிக்கு அடுத்த குளம் போதவில்லை. எல்லாம் ஓர் உள்ளான் செய்த வேலை.

உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து கூட்டமாக வந்து சேற்றில் மேய்ந்துவிட்டு, கோடை தொடங்கியதும் திரும்பிப் போய்விடும். அந்தக் கூட்டத்தின் தலைவரை எல்லோரும் தூரத்து அண்ணாச்சி என்பார்கள். அவர் ஒருநாள் முப்பிடாதியிடம் சொன்னார்: "எங்க ஊர் வானத்தைப் பாக்கணும் தாயி. படித்துறையில ரெண்டு பொம்பளைங்க ஈரச்சேலையை முனை பிடிச்சு உதறுவாங்கல்லா, அந்த மாதிரி வானம் முழுக்கப் பச்சையா ஒரு வெளிச்சம் அலையும். சத்தமே இருக்காது."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. "ஏங்க, நம்ம அங்க போவோமா? வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதானே?" என்று கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனூண்டு உடம்பை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் போயிட்டு வாரானாம். நீயும் நம்புத" என்றான் பலவேசம்.

ஆனால் புதுப்பெண்டாட்டி. மறுக்க முடியவில்லை. அண்ணாச்சியிடம் விசாரிக்கப் போனான். எந்தக் குளத்தில் இறங்குவது, எங்கே இரை கிடைக்கும், மலையை எந்தப் பக்கம் சுற்றுவது என்று அவர் பொறுமையாக எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல இவனுக்குச் சந்தேகம் கூடியது. கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறவனை எப்படி நம்புவது?

"வெளிச்சம் ராத்திரிலதானே தெரியும் அண்ணாச்சி?"

"ஆமா தம்பி. ஆனா நாம போய்ச் சேருற நேரம் அங்க பொழுதே அடையாது. கொஞ்ச நாள் பொறுக்கணும். இருட்டு வர ஆரம்பிச்சதும் பாத்துட்டு, குளிருக்கு முந்தி கிளம்பிரலாம்."

பலவேசம் தலையை ஆட்டிவிட்டு வந்து பெண்டாட்டியின் காதைக் கடித்தான். "பொழுதே அடையாத ஊராம். கேட்டியாளா? மாட்டிக்கிட்டான் பாரு."

"நெசமா இருக்கக் கூடாதா?"

"நெசமாவே இருக்கட்டும். நம்மளை எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்? அவனுக்கு என்ன லாபம்?"

அதையும் போய்க் கேட்டுவிட்டான். அண்ணாச்சி சேற்றில் ஒரு புழுவைக் கொத்தி விழுங்கினார். பிறகு சொன்னார்: "வருசா வருசம் பாக்கேன் தம்பி. இங்க வந்து சொன்னா, கதை விடுதான்னு சிரிக்காங்க. நீங்க ரெண்டு பேரும் கண்ணால பாத்துட்டு வந்து ஆமான்னு சொன்னாப் போதும். வேற ஒன்னும் வேண்டாம்."

இதைக் கேட்டு யாருக்கும் மனசு இளகும். பலவேசத்துக்கு இளகவில்லை. ஒன்றும் வேண்டாம் என்கிறவனிடம்தான் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நினைத்தான். நீங்கள் திரும்பி வரும்வரை கல் அடுக்கப்போகும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று குளத்துக் கொக்கு ஒன்று சொன்னது. ஒற்றைக்காலில் நிற்கிறவன் இன்னொரு காலை எதற்கு ஒளித்து வைத்திருக்கிறான் என்று அதையும் வேண்டாம் என்றுவிட்டான். இந்த ஆளோடு அடுத்த மரம்வரை போவதே கஷ்டம். முப்பிடாதி உலகத்தின் உச்சிவரை போகத் துணிந்தாள், பாவம்.

தென்காற்று திரும்பிய ஒரு சாயங்காலம் கூட்டம் கிளம்பத் தயாரானது. அண்ணாச்சி ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "பனங்காட்டைத் தாண்டுற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. நான் எந்தப் பக்கம் திரும்புறேனோ, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பணும்."

"ஏன் பேசக் கூடாதாம்?" என்று பலவேசம் முணுமுணுத்தான்.

"சும்மா வாங்க" என்றாள் முப்பிடாதி. அவள் சந்தோஷத்தில் சிறகை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷத்தில் அவளை அவன் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கிளம்பினார்கள். குளத்தைத் தாண்டி, வயலைத் தாண்டி, பனங்காட்டை நெருங்கும்போது அண்ணாச்சி சட்டென்று மேற்கே திரும்பினார். கூட்டம் முழுவதும் சத்தமில்லாமல் கூடவே திரும்பியது.

பலவேசம் அதைக் கவனித்தான். வடக்கே போகிறோம் என்று சொல்லிவிட்டு மேற்கே திரும்புகிறானே! இவ்வளவு நாளாக மென்றுகொண்டிருந்த சந்தேகமெல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்துவிட்டது. அதுவரை யாரும் கேட்டிராத குரலில் கத்தினான்: "ஏல, எங்கல கூட்டிட்டுப் போற? நில்லுல! உண்மையைச் சொல்லு!"

வடக்கே ஒரு பனைமரத்தின் உச்சியில் வல்லூறு ஒன்று கண்ணயர்ந்து உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கே ஒதுங்கியிருந்தார். சத்தம் கேட்டு அது கண் விழித்தது. கூட்டம் பயத்தில் சிதறியது. சிதறியவர்களை ஒன்றுசேர்க்க அண்ணாச்சி திரும்பி வந்தார். கல் விழுகிற மாதிரி மேலேயிருந்து வல்லூறு இறங்கியது. ஒரு பிடிதான், அண்ணாச்சி அதன் நகத்தில் இருந்தார்.

கூட்டத்தில் மூத்தவள் ஒருத்தி பலவேசத்தின் அருகில் வந்தாள். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "வடக்கே என்ன இருந்ததுன்னு இப்பத் தெரிஞ்சிட்டுல்லா தம்பி? வீட்டுக்குப் போங்க" என்றாள். பிறகு மிச்சமிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இருவரும் குளக்கரைக்குத் திரும்பினார்கள். பலவேசம் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அவர் பொய் சொல்லல" என்றாள் முப்பிடாதி. "நீங்க நம்புவியன்னு கடைசி வரைக்கும் நம்பினாரு. நானும்தான்."

மறுநாள் முதல் கல்லை அவளே வைத்தாள்.

அதற்குப் பிறகு பலவேசத்துக்குத் தூக்கம் போய்விட்டது. நிழல் விழுந்தால் வல்லூறு. இலை அசைந்தால் வல்லூறு. நாய் வந்தாலும், மாடு வந்தாலும், கால் கழுவ மனுஷன் வந்தாலும் எழும்பி நின்று கத்தினான். இன்னொரு சாவு தன்னால் வந்துவிடக் கூடாதே என்ற பயம் அவனுக்கு. முப்பிடாதியும் தூங்கவில்லை. அவளுக்கு வல்லூறு மேல் சந்தேகம் இல்லை, புருஷன் மேல்தான். அவன் கத்தினால், நிஜமாகவே யாராவது வருகிறார்களா, இல்லை இதுவும் பழைய கூத்துதானா என்று பறந்து போய்ப் பார்த்து, அவளும் கத்துவாள். தூங்காத இரண்டு பேர் கண்ணோரமும் சிவந்து தடித்துப்போனது. பிள்ளைகளுக்கும் அப்படியே வந்தது. ஆள் வந்தால் காட்டிக்கொடுக்கிற பறவை என்பதால் ஊரார் ஆட்காட்டி என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கத்தல் வீண்போகவில்லை. அது கேட்டதும் சேற்றில் மேய்கிற உள்ளான்கள் எல்லாம் எழும்பித் தப்பிவிடுகின்றன. பலவேசத்தின் வம்சம் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை.

அன்று முதல்தான் ஓர் ஆட்காட்டி கத்தினால் அதன் ஜோடியும் சேர்ந்து கத்துகிறது. அன்று முதல்தான் குளத்துக்கு யார் வந்தாலும், யார் போனாலும் ஆட்காட்டிக்குத் தெரியாமல் இருப்பதில்லை. உள்ளான்கள் வடக்கே கிளம்பும் நேரத்தைத் தவிர. அதை மட்டும் அவை இதுவரை ஆட்காட்டியிடம் சொன்னதே இல்லை.