பதிப்பாசிரியர் பெயரை நிறுத்துவது எப்படி

சீடர் தன் பெயரைத் தானே அழித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

சீடர் சவரிமுத்து, ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். குரு பர்வீனுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். தூத்துக்குடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறாள். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் அவர் வந்து போகிறார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். கேட்கிறவர்களுக்கு யாரிடம் யார் படிக்கிறார்கள் என்றே பிடிபடாது.

"டீச்சர், நூற்பட்டியல் ஓட மாட்டேங்குது."

"என்ன செஞ்சீங்க?"

அவர் சொன்னார். மகள் ஜெனோவாவின் முதல் புத்தகம் வருகிறது. அதன் கடைசியில் வரும் நூற்பட்டியலை அமைத்துத் தரச் சொல்லி அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். அம்மா போனபிறகு அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது. கூடவே ஒரு நிபந்தனை. உப்பளங்களைப் பற்றி அவர் முன்பு பதிப்பித்த தொகுப்பில் அவளுடைய கட்டுரை ஒன்று இருக்கிறது. பட்டியலில் அந்தக் கட்டுரைக்கான வரியில் அப்பா பெயர் வரக் கூடாது.

"'அப்பா போட்ட புத்தகத்துல மக எழுதினா, அதுல என்ன இருக்கு'ன்னு எல்லாரும் கேக்காங்களாம்."

"சரிதான சார்?"

"சரிதான். அதான் எடுத்துட்டேன்."

பர்வீன் நூற்பட்டியல் கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு நூலுக்கும் கட்டுரைக்கும் அதில் தனித்தனியாக ஒரு பதிவு உண்டு. கட்டுரையின் பதிவில் 'இன்ன தொகுப்பு' என்று சுட்டிவிட்டால் போதும். தொகுப்பின் பெயர், ஊர், ஆண்டு, பதிப்பாசிரியர் எல்லாம் தொகுப்பின் பதிவிலிருந்து தானாக இறங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். மனுஷர் கட்டுரையின் பக்கம் போகவே இல்லை. தொகுப்பின் பதிவுக்கே போய்த் தன்னை அழித்திருந்தார்.

"கோவத்துல எடுத்தீங்களா?"

"கம்ப்யூட்டருக்குக் கோவமெல்லாம் தெரியுமா டீச்சர்?"

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மேல் வரியோட கமாவையும் சேத்துல்லா பிச்சு எடுத்திருக்கீங்க. பின்ன எப்படி ஓடும்?"

சவரிமுத்து மின்விசிறியைப் பார்த்தார்.

அவள் கமாவை வைத்தாள். அடுத்த வரியில் அவர் பெயரை மறுபடி அடித்தாள். பிறகு அமைப்புப் பக்கத்தில் ஒரு விதி எழுதினாள். எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னாள்.

"தொகுப்போட பேரு இறங்கட்டும். ஊரு இறங்கட்டும். வருஷம் இறங்கட்டும். பதிப்பாசிரியர் அங்கனயே நிக்கட்டும்."

ஓட்டினாள். பட்டியல் வந்தது. மகளின் வரியில் அவர் பெயர் இல்லை. அவர் பக்கத்தை மேலே தள்ளினார், கீழே தள்ளினார், மறுபடி மேலே வந்தார்.

"என்ன தேடுதீங்க?"

"தொகுப்புக்குன்னு தனியா ஒரு வரி வரும்லா? அதுல நான் இருப்பேனே."

"ரெண்டு கட்டுரையாவது கை காட்டினாத்தான் தொகுப்பு தானா தனி வரியா உள்ள வரும் சார். உங்க மக அதுல இருந்து ஒண்ணைத்தான் சொல்லியிருக்காங்க."

"அந்த ரெண்டை ஒண்ணாக்க முடியாதா?"

"முடியும்."

அந்த இடத்தைத் திறந்து, கீபோர்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் இரண்டை அழித்தார். ஒன்று என்ற விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தார்.

"அவ கேட்டது அவ வரியைத்தான். இது வேற வரி. வாக்கு மீறினதா ஆகாது, என்ன?"

"ஆகாது."

"அவளுக்குக் கஷ்டமா இருக்குமோ?"

"எனக்கென்ன தெரியும் சார்?"

"நீங்க சொல்லுங்க டீச்சர். இதை அழுத்தலைன்னா எம்மக புத்தகத்துல நான் எங்கயுமே இல்ல."

பர்வீன் மவுஸை எடுத்தாள். பிறகு ஜெனோவாவின் வரியைத் திரையில் பெரிதாக்கினாள்.

"இதை ஒருக்கா வாசிங்க. புரூஃப் பாக்க மாதிரி, எழுத்தெழுத்தா."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு கூப்பிடும் குரலில் ஆரம்பித்தார்.

"ச. புள்ளி. ஜெனோ…"

நின்றுவிட்டார். விரல் விசையிலிருந்து இறங்கியது.

"டீச்சர். முன்னால நிக்க இந்த ச…"

"அது எந்த விதியிலயும் இறங்கி வந்ததில்ல சார்," என்றாள் பர்வீன். "அவங்களே அடிச்சு அனுப்பினது."