பதினேழு தின்னாத கீரை

"எதைச் சாப்பிட்டாலும் ஒண்ணுதானுங்க" என்றார் செங்கோடன். "உப்பு இருக்குதா இல்லையான்னுகூடத் தெரியறதில்லீங்க."

சாமியம்மா முறத்தில் பச்சைப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எத்தனை நாளாங்கண்ணா?"

"மூணு வருசமாச்சுங்க. பாவாத்தா போனதுல இருந்து."

"உங்க சம்சாரமா?"

"ஆமாங்க."

"டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"நாக்கு நல்லாத்தான் இருக்குதாமுங்க."

செங்கோடனுக்கு அறுபத்தொன்று. சாமியம்மாவுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. இருந்தாலும் கேட்க வந்தவர் செங்கோடன்தான்.

மலையடிவாரத்தில் நாலு ஓட்டுக் குடில், ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு. சாமியம்மாவின் மடம் என்பது அவ்வளவுதான்.

"என்ன வேலை பாத்தீங்க?"

"சத்துணவு ஆய்வாளருங்க. முப்பத்திரண்டு வருசம்."

"அப்ப எதுல என்ன சத்து இருக்குதுன்னு தெரியும்."

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேனுங்க."

சாமியம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"இங்க ரெண்டு எலி இருக்குதுங்க. இன்னைல இருந்து அதுங்க சாப்பாடு உங்க பொறுப்பு."



"நான் கேட்டதுக்குப் பதிலுங்களா இது?"

"பயறு பொறுக்கியாச்சு" என்று சாமியம்மா எழுந்து போனார்.

*

இரண்டும் வெள்ளை எலிகள். பெட்டைகள்.

ஏதோ ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தை மூடியபோது, அங்கே கூண்டு கழுவிக்கொண்டிருந்தவர் கொல்ல மனம் வராமல் கொண்டுவந்து விட்டுப் போனவை. கூடவே அரை மூட்டைத் தீனி. புண்ணாக்கு நிறத்தில், விரல் தண்டிக் கட்டிகள். மடத்தில் அதற்குக் காலேஜ் தீனி என்று பெயர்.

எலிகளின் காதில் எண் குத்தியிருந்தது. பதினாலு. பதினேழு. வேறு பெயர் யாரும் வைக்கவில்லை.

"பிள்ளையாரு வண்டியாச்சே" என்றாள் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் நஞ்சக்கா. "தினமும் ரெண்டு கொழுக்கட்டை போடுங்க. சந்தோசமாத் தின்னும்."

"தின்னும். கொழுத்துச் சாகும்."

"வந்த அன்னைக்கே சாவைப் பத்திப் பேசற மனுசனை இப்பத்தான் பாக்கறேன்."

அன்று மாலைக்குள் செங்கோடன் ஒரு பட்டியல் எழுதி முடித்தார். திங்கள் கேழ்வரகு, வேகவைத்த கேரட். செவ்வாய் முளைகட்டிய பயறு. புதன் கம்பு, முருங்கைக்கீரை. வியாழன் பூசணி. வெள்ளி அரை முட்டை. சனி, ஞாயிறுக்கும் இருந்தது.

அடியில் சிவப்பு மையில்:

உப்பு கூடாது. வெல்லம் கூடாது. வேகாத மொச்சை கூடாது. உணவு வைப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாய் கொப்பளித்துத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

சமையல்கட்டுச் சுவரில் ஒட்டினார். நஞ்சக்கா கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள்.

"எம் மாமியாகூட எனக்கு இப்படி எழுதி ஒட்டுனதில்லீங்க."

*

பதினாலு எதையும் தின்றது.

புதிதாக எதை வைத்தாலும் முதலில் ஓடி வருவது அதுதான். ஒரு கடி கடிக்கும். கொஞ்சம் பொறுத்திருக்கும். பிறகு மறுபடி கடிக்கும்.

பதினேழு மூலையிலேயே இருக்கும். பதினாலு தின்றுவிட்டுத் திரும்பியதும் பக்கத்தில் வரும். பதினாலின் வாயோடு வாய் வைத்து முகரும். நெடுநேரம் முகரும். அதற்குப் பிறகுதான் தட்டுக்குப் போகும்.

செங்கோடன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"ஒன்றின் வாயை மற்றது முகர்கிறது. சுகாதாரக் குறைவு."

மடத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, வந்ததைச் சாப்பிடுவார்கள். செங்கோடன் மட்டும் சாமான் அறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். காலையில் மோர்ச்சோறு. மதியம் மோர்ச்சோறு. ராத்திரிக்கும் அதுதான். ஊறுகாய்கூடக் கிடையாது.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நஞ்சக்கா மட்டும் ஒருநாள் கேட்டாள். "ஏனுங், எலிக்கு ஏழு நாளைக்கு ஏழு தினுசு. உங்களுக்கு?"

"எனக்கு இது போதும்."

"எலியாப் பொறந்திருக்கலாம் நீங்க."

*

ஆடி மாதம் பதினாலு செத்துப்போயிற்று. அக்குளில் ஒரு கட்டி வந்து பெருத்திருந்தது. எலிக்கு வயதும் ஆகியிருந்தது.

முருங்கை மரத்தடியில் புதைத்தார்கள்.

மறுநாளிலிருந்து பதினேழு பட்டியலைத் தொடவில்லை.

கேழ்வரகு காய்ந்துபோனது. கீரை கறுத்துப்போனது. காலேஜ் தீனியை மட்டும் ஒரு கட்டி எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடும்.

செங்கோடன் சாமியம்மாவிடம் போனார்.

"பூசணி வெச்சேனுங்க. பயறு வெச்சேன். முட்டை வெச்சேன்."

"என்ன வெச்சீங்கன்னு நான் கேக்கலீங்க. என்ன மிச்சம்?"

"எல்லாமே மிச்சமுங்க."

"சரி" என்றார் சாமியம்மா. கிணற்றில் வாளியை இறக்கினார்.

*

தானியங்களைக் கலந்து வைத்தார். பதினேழு அதிலிருந்து சூரியகாந்தி விதைகளை மட்டும் பொறுக்கித் தின்றது. மற்றதைக் காலால் தள்ளிவிட்டது.

விதையை நிறுத்தினார். பதினேழு தட்டுப் பக்கமே வரவில்லை.

காலேஜ் தீனியைத் தூளாக்கிக் களியில் பிசைந்து வைத்தார். பதினேழு வந்தது. முகர்ந்தது. தட்டின் மேல் ஏறி நின்று, பின்பக்கம் திரும்பி, போய்விட்டது.

"அதுக்குப் பேச வாய் இருந்திருந்தா நல்லாத் திட்டியிருக்கும் உங்களை" என்றாள் நஞ்சக்கா.

மூட்டையில் இன்னும் பத்துக் கட்டிதான். கல்லூரியே மூடியாயிற்று. அந்தத் தீனி எங்கே கிடைக்கும் என்று எலிகளைக் கொண்டுவந்து விட்டவருக்கும் தெரியவில்லை.

செங்கோடன் ஒரு நாளைக்கு ஒரு கட்டி என்று வைத்தார். பிறகு அரைக் கட்டி.

நஞ்சக்காவின் தராசில் ஒரு கிண்ணம் வைத்து, அதில் பதினேழை வைத்து நிறுத்தார். முந்நூற்றுப் பத்துக் கிராம் இருந்தது. அடுத்த வாரம் இருநூற்று எழுபது. அதற்கடுத்த வாரம் இருநூற்று இருபத்தைந்து.

கையில் எடுத்தால் முதுகெலும்பு கணுக்கணுவாகத் தட்டுப்பட்டது.

நஞ்சக்கா கிண்ணத்தை வாங்கிக் கழுவி வைத்தாள்.

*

"பதினேழு செத்துப் போயிருமுங்க."

சாமியம்மா சமையல்கட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செங்கோடன் நின்றுகொண்டே பேசினார். எலிக்குக் கீரை வைத்துவிட்டு நேராக வந்திருந்தார். வாயில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"மூட்டையில ரெண்டு கட்டிதானுங்க பாக்கி. வேற யாருகிட்டயாவது ஒப்படைச்சிருங்க. என்னால ஆகலீங்க."

"பட்டியல் தப்புங்களா?"

"பட்டியல்ல ஒரு தப்பும் இல்லீங்க. எவன் வந்து பாத்தாலும் தப்புச் சொல்ல முடியாது."

"அப்பறம்?"

"அதுதாங்க எனக்குத் தெரியலை." குரல் இறங்கியது. "ரெண்டு உசுரை எங்கிட்டக் குடுத்தீங்க. ஒண்ணு வயசாகிப் போச்சு, சரி. இது எங் கையில போகுதுங்க. நான் என்ன தப்புப் பண்ணறேன்னு சொல்லுங்கம்மா."

சாமியம்மா எழுந்தார். செங்கோடனின் வலக்கையைப் பிடித்துத் தூக்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"சோப்பு" என்றார்.

"சுத்தமா இருக்கணுமில்லீங்களா."

"துணியை அவுருங்க."

அவிழ்த்தார்.

"வாயைத் தொறங்க."

செங்கோடன் சுற்றுமுற்றும் பார்த்தார். திறந்தார். சாமியம்மா குனிந்து முகர்ந்தார்.

உள்ளேயிருந்து நஞ்சக்கா எட்டிப் பார்த்தாள். "என்னுங்கம்மா, சந்தையில மாட்டுக்குப் பல்லுப் பாக்கற மாதிரி?"

"மோரு" என்றார் சாமியம்மா.

திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவினார்.

"ஏனுங்கண்ணா, பள்ளிக்கூடத்துல சோறாக்குனா, பிள்ளைங்களுக்கு முன்னால சாப்பிடறது யாருங்க?"

"டீச்சருங்க. இல்லாட்டி ஆயா. அரைமணி முன்னால சாப்பிட்டுப் பாத்து நோட்டுல கையெழுத்துப் போடணும். அதுக்கப்பறந்தான் பிள்ளைங்களுக்கு."

"சாப்பிடாம கையெழுத்து மட்டும் போட்டாங்கன்னா?"

"அதெல்லாம் எங்கிட்ட நடக்காதுங்க" என்றார் செங்கோடன். முதுகு நிமிர்ந்தது. "நான் நோட்டைப் பாக்கறதே இல்லை. வாயைத்தான் பாப்பேன். ஒரு டீச்சரு பயந்துக்கிட்டு, சாப்பிட்டேன் சார், சாப்பிட்டேன் சார்னாங்க. சாப்பிட்ட வாயா இது, சாம்பார் வாசமே காணமே, நீங்க வாயில வெக்காததைப் பிள்ளைங்க எப்படீங்க..."

நின்றுவிட்டார்.

சாமியம்மா கீரை உருவினார். காம்புகள் ஒரு பக்கம், இலைகள் ஒரு பக்கம்.

செங்கோடன் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அதை மடித்து வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்.

*

கூண்டுக்குள் கீரைத்தட்டு வைத்தபடி இருந்தது. வெந்த கம்பு, வெந்த முருங்கைக்கீரை. பதினேழு மூலையில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

செங்கோடன் கூண்டின் கதவைத் திறந்து வைத்தார். தட்டை வெளியே எடுத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கை கழுவவில்லை.

ஒரு கிள்ளு எடுத்தார். உடனே வாயில் வைக்கவில்லை. கீரை விரலிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு வைத்தார். மென்றார்.

விழுங்கினார். இன்னொரு கிள்ளு எடுத்தார்.

கூண்டுக்குள் மீசை அசைந்தது.

பதினேழு கதவு வரை வந்தது. நின்றது. இறங்கி முழங்கால் மேல் ஏறியது. கை வழியாக, சட்டை மடிப்பைப் பற்றிக்கொண்டு, தோளுக்கு வந்தது. கழுத்தில் நகம் குத்தியது. செங்கோடன் அசையவில்லை.

முன்னங்கால் இரண்டையும் அவருடைய கீழுதட்டில் ஊன்றி நின்றது.

முகர்ந்தது.

நெடுநேரம் முகர்ந்தது.

பிறகு வந்த வழியே இறங்கிற்று. தட்டுக்குப் போயிற்று. ஒரே ஒரு கீரை இலையை இரண்டு கையாலும் எடுத்துப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு கடி கடித்தது. பொறுத்திருந்தது.

மறுபடி கடித்தது.

வாசலில் நிழல் விழுந்தது. சாமியம்மா. அவருக்குப் பின்னால், கையில் கரண்டியோடு நஞ்சக்கா.

"தின்னுதுங்க" என்றார் செங்கோடன், திரும்பாமல், மெதுவாக.

"எலியைக் கேக்கலீங்க" என்றார் சாமியம்மா. "உங்களுக்கு எப்படி இருக்குது?"

செங்கோடன் வாயிலிருந்ததை மென்றார். இன்னொரு முறை மென்றார். முகம் சுளித்தது.

"உப்பே இல்லீங்க."