டயர்ப் பஞ்சும் மூவாயிரம் கோழிகளும்

செங்கோடன் முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டினார். சர்க்கரை கண்ணைத் தொட்டதும் டாக்டர் ஸ்டியரிங்கை விடச் சொன்னார். ஐம்பத்தாறாவது வயதில், நாமக்கல்லை அடுத்த ஒரு ஆலையில் மாணவராகச் சேர்ந்தார். அது பழைய டயர்களை அரைக்கும் ஆலை.

கற்பித்தவர் நசீமா. வயது முப்பத்தெட்டு. முன்பு ஒரு பாலிடெக்னிக்கில் நூலும் துணியும் பற்றிப் பாடம் நடத்தியவர். அதனால் ஆலையில் எல்லோருக்கும் அவர் டீச்சர். செங்கோடனும் அப்படியே கூப்பிட்டார். நசீமா அவரை அண்ணா என்றார்.

முதல் நாள் செங்கோடன் சுற்றிப் பார்த்தார். முற்றத்தில் தேய்ந்த டயர்கள் மலையாகக் கிடந்தன. மெஷின் அவற்றைக் கிழித்தது, நறுக்கியது, அரைத்தது. காந்தம் கம்பியை இழுத்துக்கொண்டது. ரப்பர் தூளாகி மூட்டைக்குள் போனது. மிஞ்சியது ஒரு சாம்பல் நிறப் பஞ்சு. டயருக்குள் ரப்பரைக் கட்டிப் பிடித்திருந்த நைலான் இழை அது. பறந்து பறந்து மூலையில் குவிந்தது.

"இந்தக் குப்பைய என்னங்க பண்ணுவீங்க டீச்சர்?"

"மத்த இடத்துல எரிக்கறாங்க."

"நீங்க?"

டீ வந்திருந்தது. நசீமா ஒரு டம்ளரை மேசைமேல் வைத்தார். இன்னொன்றின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதைப் பஞ்சுக் குவியலுக்குள் புதைத்தார்.

"ஒரு வண்டி டயர் வந்திருக்குதுங்கண்ணா. இறக்கிட்டு வாங்க."

அரை மணி நேரம் கழித்துச் செங்கோடன் வந்தார். மேசைமேல் இருந்த டீ ஆறி, ஆடை படிந்திருந்தது. புதைத்து வைத்ததை எடுத்து ஒரே மடக்காக வாயில் ஊற்றினார். நாக்கு சுட்டது.

அவர் டம்ளரைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, வெயிலில் படபடவென்று சத்தமிட்ட தகரக் கூரையைப் பார்த்தார்.

"அப்பிடீன்னா, வெளிய இருக்கற சூட்டையும் இது உள்ள வுடாதுங்களா?"

"காலையில எட்டு மணிக்கு வந்துருங்கண்ணா" என்றார் நசீமா.

மறுநாள் ஏழு மணிக்கே வந்து நின்றார்.

பஞ்சு சுத்தமாக இல்லை என்பதுதான் முதல் சிக்கல். இழைகளுக்கு நடுவில் ரப்பர் குறுணை சிக்கிக் கிடந்தது. சல்லடை மெஷினில் மூன்று முறை போட்டாலும் பாதிதான் உதிர்ந்தது. குறுணை இருந்தால் மெத்தை கனக்கும், நாறும்.

செங்கோடன் நான்கு நாள் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைப் பாதியில் மூடிவிட்டு ஓடி வந்தார்.

"டீச்சர், அந்த மெஷினு பைபாஸ் ரோட்டுல போயிட்டு இருக்குதுங்க."

"என்னங்கண்ணா?"

"வழுவழுன்னு ஆடுது. ஜல்லி லோடு ஏத்திக்கிட்டு பைபாஸ்ல போனா, ஏத்துனது ஏத்துன மாதிரியே இருக்குமுங்க. கொல்லிமலை ரோட்டுல போனமுன்னா, எறங்கிப் பாத்தா மண்ணெல்லாம் அடியில, ஜல்லியெல்லாம் மேல. குலுக்குனாப் பத்தாதுங்க. தூக்கிப் போடோணும்."

நசீமா எழுந்தார். வெல்டிங் செய்பவரைக் கூப்பிட்டார். சல்லடையை ஆட்டும் சக்கரத்தில் நான்கு இடத்தில் மேடு வைத்தார்கள். சல்லடையைக் கொஞ்சம் சாய்த்தார்கள். ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் குதித்தது. ஆலையே அதிர்ந்தது. கீழே ரப்பர் குறுணை மழையாகக் கொட்டியது. மறுமுனையில் பஞ்சு நுரைபோல் பொங்கி வந்தது.

செங்கோடன் இரண்டு கைகளிலும் அள்ளினார். விரலில் கரி ஒட்டவில்லை.

"தயாருங்களா டீச்சர்?"

"இன்னும் இல்லீங்கண்ணா."

மூடிப்போன ஒரு நூற்பாலையிலிருந்து பஞ்சு சீவும் மெஷின் வந்தது. சீவிய பஞ்சோடு, சூட்டில் இளகி ஒட்டும் வேறொரு இழையைக் கலந்து அழுத்தினார்கள். நாலடிக்கு எட்டடி, இரண்டு அங்குல கனத்தில் முதல் மெத்தை வெளியே வந்தது. செங்கோடன் அதை ஒற்றை ஆளாகத் தலைமேல் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தார். லாரி டயரை உருட்டவே இரண்டு ஆள் வேண்டும். இது தலையில் இருப்பதே தெரியவில்லை.

"தயாருங்களா?"

"இன்னும் இல்லீங்கண்ணா. ஒண்ணு பாக்கி இருக்குது."

"என்னங்க அது?"

நசீமா மெஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

நாற்பது மெத்தை சேர்ந்தது. ஒவ்வொன்று முடியும்போதும் செங்கோடன் கேட்டார். பதில் மாறவில்லை. டீச்சர் தன் பொறுமையைச் சோதிக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சித்திரை பிறந்தது. வெயில் நாற்பத்தொன்றுக்கு ஏறியது.

அங்கமுத்து, செங்கோடனோடு ஒன்றாக லாரி ஓட்டியவர். இப்போது மோகனூர்ப் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருந்தார். ஒரே ஷெட், தகரக் கூரை, கூண்டுகளில் மூவாயிரம் முட்டைக் கோழிகள். ஒரு மத்தியானம் அவர் போன் செய்தார். குரலே சரியில்லை.

"நூத்தி நாப்பது போயிருச்சு செங்கோடா. இன்னிக்கு மட்டும்."

செங்கோடன் உடனே போனார். இறந்த கோழிகளைக் குழியில் போட அங்கமுத்துவும் அவர் மனைவியும் கூடைகூடையாகச் சுமந்துகொண்டிருந்தார்கள். செங்கோடனும் ஒரு கூடையைத் தூக்கினார். உயிரோடிருந்தவை இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து, மூச்சுக்குத் தவித்தன. மூவாயிரம் வாய் திறந்திருக்கும் ஷெட்டில் சத்தமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் நசீமா ஒரு மெஷின் பாகம் வாங்க ஈரோடு போயிருந்தார். குடோன் சாவி செங்கோடனிடம் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் சாவியைக் கையில் வைத்திருந்தார். பிறகு குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

பதினோரு மணிக்குள் நாற்பது மெத்தையும் கூரைக்கு அடியில் ஏறிவிட்டன. கம்பி வலை கட்டி, அதன்மேல் மெத்தையைப் பரப்பி, இழை உதிராமல் அடியில் வெள்ளைத் துணி இழுத்தார்கள். ஷெட்டில் மேற்குப் பாதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. கிழக்குப் பாதி வெறும் தகரமாகவே நின்றது.

ஒரு மணி. அங்கமுத்து இரண்டு பக்கமும் வெப்பமானி தொங்கவிட்டார். கிழக்கே நாற்பத்திரண்டு. மேற்கே முப்பத்தெட்டு.

யாரும் அதை நம்பவில்லை. வெப்பமானிகளை இடம் மாற்றித் தொங்கவிட்டார்கள். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். அப்போதும் கிழக்கே நாற்பத்திரண்டு, மேற்கே முப்பத்தெட்டு.

அங்கமுத்துவின் மனைவி வெப்பமானியைப் பார்க்கவில்லை. கூண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இங்க வாங்க" என்றார் மெதுவாக. "இந்தப் பக்கமெல்லாம் வாய மூடிக்கிச்சு."

செங்கோடன் மேற்குப் பாதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திரும்பி ஓடி வந்தார். ஒரு கோழி தீவனத் தொட்டியில் கொத்தியது. பக்கத்துக் கோழியும் கொத்தியது. அவர் போனை எடுத்தார்.

"டீச்சர், கோழி வாய மூடிருச்சுங்க."

"எந்தக் கோழிங்கண்ணா?"

அவர் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சாவியையும் சொன்னார்.

"அங்கயே இருங்க. வர்றேன்."

நசீமா இரண்டரை மணிக்கு வந்தார். மேற்குப் பாதியில் நின்று வெகுநேரம் கோழிகளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைச் செங்கோடன் கவனித்தார். பிறகு நசீமா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மெத்தையை ஒட்டிக் கரண்ட் வயர் ஓடியது. மூன்று இடத்தில் டேப் சுற்றிய ஒட்டு. வயர் நெடுகக் குண்டு பல்புகள்.

"தீப்பெட்டி இருக்குதுங்களா?" என்று அங்கமுத்துவிடம் கேட்டார்.

மெத்தையின் ஓரத்தில் முழ நீளம் ஒரு துண்டைக் கத்தரித்தார். எல்லோரையும் ஷெட்டை விட்டுத் தள்ளி, வெறுந்தரைக்கு அழைத்துப் போனார். துண்டைக் கம்பியில் மாட்டினார். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது பற்றியது.

பஞ்சு உடனே பிடித்துக்கொண்டது. கரும்புகை எழுந்தது. உருகிய இழை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் எரிந்தது.

அது எரிந்து முடிந்தது. அங்கமுத்து திரும்பித் தன் ஷெட்டில் தொங்கிய பல்புகளைப் பார்த்தார்.

செங்கோடன் ஏணியை எடுத்தார்.

நாற்பதையும் கழற்றி இறக்கினார்கள். கழற்றக் கழற்றக் கோழிகள் மறுபடி வாயைத் திறந்தன. செங்கோடன் கூண்டுகள் பக்கம் திரும்பாமல் கழற்றினார். அங்கமுத்து கூரைமேல் ஏறித் தண்ணீரை வாரி வாரி ஊற்றினார். அன்றும் அறுபது கோழி இறந்தது.

ஆலைக்குத் திரும்பியதும் நசீமா பின்கட்டு அறையைத் திறந்தார். உள்ளே ஆறு மூட்டை இருந்தது. நான்கு மூட்டை வெண்காரம், இரண்டு மூட்டை போரிக் பவுடர். மூட்டைகளின் மேல் தூசி தடிமனாகப் படிந்திருந்தது. ஒன்றின் மூலையை எலி கடித்திருந்தது.

"இது தீயப் பிடிக்க வுடாது. எத்தனை கலக்கோணும்னுதான் பாக்கணும். வாங்கண்ணா."

சுடுதண்ணீரில் கரைத்தார்கள். துண்டுகளை நனைத்துப் பிழிந்து அடுப்புச் சூட்டில் காயவைத்தார்கள். காய்ந்த முதல் துண்டு மெதுவாக எரிந்தது. "இன்னும் ஒரு படி" என்றார் நசீமா. இரண்டாவது கொஞ்ச தூரம் எரிந்து நின்றது. "இன்னும் ஒண்ணு."

மூன்றாவதற்குச் செங்கோடன்தான் குச்சியைக் கிழித்தார். தீ பட்ட இடம் கருகியது. குச்சியை எடுத்தார். தீ இல்லை. மறுபடி காட்டினார். கருகியது, எடுத்ததும் அணைந்தது. சொட்டு ஒன்றும் விழவில்லை. அவர் ஒரு பெட்டிக் குச்சியையும் கிழித்துத் தீர்த்தார். வேலையாட்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்று பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆலையே அந்த வேலையில் இறங்கியது. இரண்டு பேர் தொட்டியில் முக்கினார்கள், இரண்டு பேர் உருளையில் விட்டுப் பிழிந்தார்கள், மற்றவர்கள் கம்பியில் காயப் போட்டார்கள். செங்கோடன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அங்கமுத்துவின் கோழிகளைக் கொன்றுகொண்டிருந்த வெயில் இங்கே மெத்தை காயப் போதவில்லை. அன்று அங்கமுத்துவும் மனைவியும் பகல் முழுக்கக் கூரையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

அடுத்த நாள் காலை மெத்தைகள் மறுபடி ஏறின. வயர்களைப் புதிதாக மாற்றி, குழாய்க்குள் விட்டு, கூரையிலிருந்து இறக்கிக் கட்டியிருந்தார்கள். பத்து மெத்தைக்கு ஒன்றில் துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்த்த பிறகே செங்கோடன் மேலே ஏற்றவிட்டார்.

ஒரு மணிக்கு மேற்குப் பாதி முழுக்க வாயை மூடிக்கொண்டது. ஷெட்டில் கொக்கரிப்பு எழுந்தது. அங்கமுத்து சத்தமாகச் சிரித்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. அவர் மனைவி கிழக்குப் பாதியைக் காட்டி, "இதுக்கு எப்பங்க?" என்றார். "எட்டு நாள்ல முடிச்சரலாமுங்க" என்றார் செங்கோடன். "அஞ்சு நாள்" என்றார் நசீமா.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஆசிரியரும் மாணவரும் மட்டும் ஷெட் வாசலில் நின்றார்கள்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணா."

"அது எரியும்னு உங்களுக்கு முன்னயே தெரியுங்களா?"

"தெரியும்."

"மூட்டையும் வாங்கி வெச்சிருந்தீங்க. அப்பறம் ஏனுங்க கொளுத்திப் பாக்கல?"

"பயமா இருந்துச்சுங்கண்ணா."

செங்கோடன் திரும்பி அவரைப் பார்த்தார்.

"எனக்குப் பொறுமை சொல்லிக் குடுக்கறீங்கன்னு நெனச்சனுங்க."

"ஆறு மாசம் செஞ்ச வேலை கண்ணு முன்னால எரிஞ்சு போயிருமோன்னு இருந்துச்சு. இன்னும் தயார் இல்ல, இன்னும் தயார் இல்லன்னு சொல்லிட்டே இருந்தேன்."

ஒரு கோழி முட்டையிட்டுவிட்டுக் கத்தியது. அது ஓயும்வரை செங்கோடன் காத்திருந்தார்.

"அப்ப, நான் தூக்கிட்டு வந்தது சரிங்களா?"

"இல்லீங்கண்ணா."

"நீங்க தள்ளிப் போட்டது?"

"நீங்க அவசரப்பட்டீங்க. நான் தாமதிச்சேன்" என்றார் நசீமா. "கோழிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."