பாரம் குறைத்த சக்கரம்

கோகிலவாணிக்கு முப்பத்தெட்டு வயசு. கோவையில் பீளமேட்டுப் பக்கம் கார் இன்ஜின் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் தனியாகக் குடியிருந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரிடம் தொழில் கற்க வந்த நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தேழு. சீடர் பெரியவர் என்பதால் குரு அவரை அண்ணா என்று அழைத்தார். பட்டறையில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. பட்டறையில் வேறு யாரும் இல்லை.

வந்த அன்று நாச்சிமுத்து தன் பழைய ஃபியட் காரை வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“மாஸ்டருங்க, ஆக்சிலேட்டர்ல கால வெச்சா இந்த இன்ஜின் சுளுவா உறுமி எந்திரிக்கோணும். காசு ரொம்பச் செலவு பண்ண முடியாது. வழி இருக்குதுங்களா?”

“இத்தன வருசமா எப்படி ஓட்டுனீங்க?”

“மெதுவாத்தானுங்க. வேகமாப் போனா மச்சினன் அழுவான்.”

மச்சினன் பெயர் அர்த்தநாரி. உடம்புக்கு நாற்பது வயசு, மனசுக்கு ஐந்து. சாவித்திரியைக் கட்டிக்கொண்டபோது அவள் தம்பியும் கூடவே வந்துவிட்டான். போன வருஷம் சாவித்திரி இறந்துபோனாள், தம்பி மிஞ்சினான். குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் நாச்சிமுத்துதான். அவர் படும் பாட்டைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் ஈரோட்டில் ஒரு காப்பகம் பார்த்துக் கொடுத்தார்கள். ஒரு மாதம் இருக்கட்டும், அதற்கப்புறம் நிரந்தரமாக விடுவதா என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள் காப்பகத்தில். அவனை அங்கே விட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில்தான் நாச்சிமுத்து பட்டறைக்கு வந்தார்.

“இனி நான் ஃப்ரீங்க மாஸ்டர்.”

இதைச் சொல்லும்போது அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார்.

“நான் செஞ்சு தர மாட்டேனுங்க. நீங்க செய்யுங்க, நான் பக்கத்துல இருக்கறேன்.”

நாச்சிமுத்து தினமும் காலையில் வந்தார். ஏர் ஃபில்டரில் அடைந்திருந்த தூசியைத் தட்டினால் ஒரு தொட்டிச் செடி வைக்கலாம். அதை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார். பிளக் நெருப்பு சரியான நேரத்தில் விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்தார். கரி அடைத்துக் கிடந்த சைலன்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு, உக்கடத்தில் பழைய சாமான் கடையில் நல்லதாக ஒன்று பொறுக்கி வந்தார்.

ஒரு நாள் மாஸ்டர் அவரை ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கச் சொன்னார். பானெட்டைத் திறந்து காட்டினார். கேபிள் தளர்ந்துபோய், அந்தப் பக்கம் கார்புரேட்டர் பாதிதான் திறந்தது.

“கால் முழுசா அமுக்குது. அங்க பாதிதான் போய்ச் சேருது. இத்தன வருசமா அரை மனசாவே ஓட்டியிருக்கீங்க.”

கேபிளை இழுத்துக் கட்டினார்கள். இன்ஜினுக்கு உயிர் வந்தது. செலவும் பெரிதாக இல்லை. இதோடு விட்டிருந்தால் நல்ல கார், நல்ல கதை. ஆனால் கொஞ்சம் கிடைத்தவனுக்குத்தான் இன்னும் கொஞ்சம் கேட்கத் தோன்றும்.

“மாஸ்டருங்க, இன்ஜினுக்குப் பின்னாடி கனமா ஒரு இரும்புச் சக்கரம் இருக்குதில்லீங்களா, ஃப்ளைவீல். அதக் கடைஞ்சு பாரத்தக் கொறைச்சா இன்னும் சுளுவா ஏறும்னு சொல்றாங்களே.”

“ஆமா, ஏறும்.”

“செய்யலாமுங்களா?”

“ரேஸ் காருக்குச் செய்வாங்க.”

“பாதியா ஆக்கிரலாமுங்களா?”

மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“பாதியா ஆக்குனது ஒண்ணு இருக்குது. ரேஸ்காரர் ஒருத்தர் விட்டுட்டுப் போனது. எடுத்து மாட்டுங்க.”

கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, பழைய சக்கரத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. நாச்சிமுத்து சாவியைப் போட்டுக் காலை வைத்தார். இன்ஜின் ஒரே தாவாகத் தாவியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் நடுவில் இருமல் வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு நாள் ஆட்டோக்காரர் ஒருவர் பின்னாலிருந்து தள்ள, கார் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

“நின்னு போகுதுங்க மாஸ்டர். சிக்னல்ல நிக்குது. பாலத்துல ஏத்தத்துல எடுத்தா நிக்குது. காலை எடுத்தாப் போதும், செத்துப் போகுது. பின்னாடி பஸ்காரர் எங்கொப்பன் பாட்டன் வரைக்கும் திட்டறாரு.”

“கால் வெச்சிருக்கற வரைக்கும்?”

“அது வரைக்கும் ராஜாவாட்டம் ஓடுதுங்க.”

மாஸ்டர் ஜாக்கியை எடுத்து வந்தார். காருக்கு அடியில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“வீட்ல எப்படிங்கண்ணா இருக்குது?”

நாச்சிமுத்து இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

“வீட்லயா? சத்தமே இல்லீங்க. முன்னெல்லாம் விடியறதுக்குள்ள பசிக்குதுன்னு கத்துவான். எப்படா ஒரு நாள் நிம்மதியாத் தூங்குவோம்னு இருக்கும். போன ஞாயித்துக்கெழம பட்டறை லீவில்லீங்களா, சாயங்காலம் வரைக்கும் படுத்தே கெடந்தேன். பசிச்சுது. யாருக்கு ஆக்கறதுன்னு கெடந்தேன்.”

இருவருமாக மெலிந்த சக்கரத்தைக் கழற்றினார்கள். மாஸ்டர் இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவில் ஒரு தண்டைப் பொருத்தி, பேரிங் வைத்து, மெலிந்ததையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

“மொதல்ல இதச் சுத்துங்க.”

மெலிந்த சக்கரம் விரல் பட்டதும் விர்ரென்று சுற்றியது.

“இப்ப அதச் சுத்துங்க. இதே வேகம் வரோணும்.”

பழைய சக்கரம் லேசில் அசையவில்லை. நாச்சிமுத்து இரண்டு கையாலும் தள்ளித் தள்ளி அந்த வேகத்துக்குக் கொண்டுவருவதற்குள் தோள் கடுத்துப்போனது. அதற்குள் மெலிந்தது நின்றிருந்தது. அதை மறுபடியும் சுற்றிவிடச் சொன்னார் மாஸ்டர்.

“வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்.”

டீக்கடை எதிரிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது மெலிந்த சக்கரம் எப்போதோ அடங்கியிருந்தது. பழையது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“அண்ணா, இன்ஜின்ல ஒரு வெடி வெடிச்சு, அடுத்த வெடி வர்றதுக்குள்ள ஒரு இடைவெளி இருக்குது. வேகமா ஓடறப்ப அது தெரியாது. மெதுவா ஓடறப்ப அது பெருசு. அந்த நேரத்துல இன்ஜினச் சுத்த வெக்கறது எது?”

நாச்சிமுத்து சுற்றுகிற சக்கரத்தையே பார்த்தார்.

“சுத்த வெக்கறது பெட்ரோல் இல்லீங்க.”

“இல்லீங்க.”

நாச்சிமுத்து அதை நிறுத்தக் கையை வைத்தார். அது உடனே நிற்கவில்லை. உள்ளங்கை சூடேறியது. கையை எடுத்துக்கொண்டார்.

“காப்பகத்துக்கு என்னிக்குங்க சொல்லோணும்?” என்று கேட்டார் மாஸ்டர்.

“வர்ற ஞாயித்துக்கெழம.” அவர் அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். “போன் பண்ணிக் கேட்டனுங்க. சாப்பிடறானாம். ஆனா கதவப் பாத்துட்டே உக்காந்திருக்கறானாம். நான் அவன ஏமாத்திட்டு வந்தனுங்க மாஸ்டர். வண்டியில ரவுண்டு போலாம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன்.”

நாச்சிமுத்து அழுதார். பெரிய ஆள் அழுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது சங்கடமான காரியம். மாஸ்டர் வேறு பக்கம் திரும்பாமல் அப்படியே நின்றார்.

அழுகை அடங்கியதும் அவர் எழுந்தார்.

“பழைய சக்கரத்தையே மாட்டிர்றனுங்க.”

“மாட்டுனா அந்தத் தாவல் இருக்காது.”

“தெரியுமுங்க.”

“வேகம் ஏறறதுக்கும் நேரமாகும்.”

“ஆகட்டும். வேகம் ஏறுனா அவன் அழுவானில்லீங்களா.”

சாயங்காலத்துக்குள் பூட்டி முடித்தார்கள். இன்ஜின் மெதுவாக, நிற்காமல் ஓடியது. நாச்சிமுத்து அதை அணைக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அணைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார்.

“ஞாயித்துக்கெழம அவனக் கூட்டியாந்துட்டா, அப்புறம் காலைல நான் இங்க வர முடியாதுங்க. குளிப்பாட்டோணும், ஊட்டோணும். புது எடத்துக்குக் கூட்டிட்டு வந்தாப் பயப்படுவான். விட்டுட்டு வரவும் ஆளில்லீங்க.”

“சரிங்கண்ணா.”

மாஸ்டர் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவுக்குக் கிளம்ப மனசு வரவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குப் புருசன், புள்ளைன்னு எந்தப் பாரமும் இல்லீங்க. நீங்க எப்படி நிக்காம ஓடறீங்க?”

மாஸ்டர் பெட்டியை மூடினார்.

“இந்த ஒரு மாசமாத்தானுங்க ஓடறேன். காலைல ஒருத்தர் வந்து ஷட்டரத் தட்டறாரு. தெறக்கறதுக்கு எந்திரிக்க வேண்டியிருக்குது.”