இந்த வருஷத்துக் கயிறு

"அம்மா, எந்த நாடு ஜெயிக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை" என்றார் செங்கோடர்.

செங்கோடர் வடகரை நாட்டு அரண்மனைக் கணக்கர். கணக்கில் புலி. அன்று அந்தப் புலி ஒரு பெரிய ஏட்டுக்கட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு துறைமுக மரக்கிடங்குக்கு வந்திருந்தது.

அங்கே மரம் அளப்பவள் மருதாயி. செங்கோடரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் அவளைத்தான் அவர் குருவாக ஏற்றிருந்தார்.

"முப்பது வருஷத்து ஏற்றுமதி இது. நம் வடகரைத் தேக்கும் வேங்கையும் விற்ற மதிப்பு ஏறுகிறது, இறங்குகிறது, போன வருஷம் படுத்தேவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்கரைக்கு வருஷா வருஷம் ஏற்றம்தான். அங்கே மரம் கிடைப்பதே அரிதாகிவிட்டதாம். அதனால் விலை எக்கச்சக்கமாம்."

"சரி, அப்புறம் என்ன குழப்பம்?"

"தென்கரை ஜெயிக்கிறது என்று எழுதிக் கொடுத்தால், அரசர் போட்டிக்காக நம் கருமலைக் காட்டை வெட்டச் சொல்லிவிடுவார். என் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் அந்த மலை ஊற்றைத்தான் குடிக்கிறது. ஆனால் கணக்கு கணக்குதானே? ஓலை எழுதிவிட்டேன். முத்திரை வைக்கத்தான் கை வரவில்லை."

மருதாயி ஏடுகளைப் பார்க்கவில்லை.

"கட்டு அவிழ்ந்து கிடக்கிறது. முதலில் அதைக் கட்டுங்கள், ஐயா."

கயிறு எங்கே என்று அவர் தேடினார். அவள் மேலே, கூரை விட்டத்தைக் காட்டினாள்.

அந்தத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கரைகளிலிருந்தும் அந்தந்த வருஷம் வந்த மரங்களில் மிகப் பருத்ததைக் கயிற்றால் சுற்றி, சுற்றளவுக்கு அறுத்து, வாசலிலிருந்து வருஷ வரிசையாக விட்டத்தில் தொங்கவிடுவார்கள். இடப்பக்கம் வடகரை, வலப்பக்கம் தென்கரை. செங்கோடர் அந்தக் கயிறுகளில் பலமுறை தலையை முட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் அவற்றைக் கவனித்ததில்லை.

"தென்கரை வரிசையில் முதல் கயிற்றை எடுங்கள்."

அது ஏட்டுக்கட்டை மூன்று சுற்றுச் சுற்றி, மிச்சம் தரையில் கிடந்தது.

"ரொம்ப நீளம். நடுவில் ஒன்றை எடுங்கள்."

அது ஒரே சுற்று வந்தது. முடிச்சுப் போட அளவாக இருந்தது.

"இது போதும், அம்மா."

"அது பழசு, இற்றுப்போயிருக்கும். இந்த வருஷத்துக் கயிற்றை எடுங்கள்."

எடுத்தார். சுற்றினார். இரண்டு முனைகளும் சேரவில்லை. முழங்காலைக் கட்டின் மேல் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அப்போதும் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"கயிறு மாறிவிட்டதோ?" என்றார்.

"நான் அளந்து அறுத்த கயிறு அது."

செங்கோடர் நிமிர்ந்து பார்த்தார். வடகரைக் கயிறுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தொங்கின. தென்கரைக் கயிறுகள் வாசலிலிருந்து உள்ளே போகப் போகக் குட்டையாகிக்கொண்டே போயின. கடைசி ஆணி வெறுமனே இருந்தது. அதில் இருந்ததுதான் அவர் கையில்.

அதை ஒரு வடகரைக் கயிற்றின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, அரசர் காத்திருக்கிறார். நான் என்ன சொல்ல?"

மருதாயி அடுத்த மரத்தை அளக்கக் குனிந்தாள்.

"ஏட்டைக் கட்டத் தென்கரையின் இந்த வருஷத்துக் கயிறு எட்டவில்லை என்று சொல்லுங்கள்."