பொறிவண்டுக்குப் புள்ளி வைத்தவள்

பொறிவண்டின் முதுகில் எத்தனை புள்ளியோ அத்தனை வயது என்று நன்றாகப் படித்தவர்கள்கூடச் சொல்லித் திரிகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது நாட்டுக்கு நல்லதல்ல. வயதுக்கும் புள்ளிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அது விளக்கெண்ணெயில் குழைத்த சட்டிக்கரி. வைத்தவள் பெயர் பூவாத்தாள்.

பூச்சிகளுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், வண்டுகளின் முதுகு வெறும் செம்மஞ்சள். பூவாத்தாள் தினமும் விடிந்ததும் வீட்டின் பின்னாலிருந்த பொடக்காளித் தோட்டத்துக்குப் போய், கத்தரிச் செடிகளின் ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்த்து, இலை தின்னும் வண்டை மட்டும் நசுக்குவாள். ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவளுக்குப் பதிலாகப் புருஷன் மாரப்பன் போனான். செம்மஞ்சளாகக் கண்ணில் பட்டதையெல்லாம் நசுக்கிவிட்டு, "பொடக்காளியே சுத்தம்!" என்று வந்து நின்றான்.

அவள் எழுந்து நடமாடப் பத்து நாளாயிற்று. அதற்குள் அசுவினிப் பூச்சி கூட்டம் கூட்டமாக அப்பிச் சாற்றை உறிஞ்ச, செடிகள் சுருண்டு கிடந்தன. தேறியது ஒன்றே ஒன்று. அதில் விதைக்கு விட்ட ஒரு காய். அதுவும் போனால், அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தரி வம்சமே முடிந்தது.

"ஏனுங்க, அசுவினியத் தின்னுற வண்டையும் சேத்துல்ல நசுக்கியிருக்கீங்க!"

"அது மொதுகுல எழுதியா ஒட்டியிருக்குது, புள்ள?"

புருஷன் பேச்சில் நியாயம் இருந்த அபூர்வமான நாள்களில் அதுவும் ஒன்று. எழுதிவிடுவது என்று பூவாத்தாள் முடிவு செய்தாள். கொட்டாங்கச்சியில் கரியைக் குழைத்துக்கொண்டு செடியடியில் உட்கார்ந்தாள். அவரைப் பந்தலில் பதுங்கி உயிர் பிழைத்த வண்டுகள் வரிசையில் வந்தன. கண்ணெதிரே ஓர் அசுவினியைத் தின்று காட்டினால் முதுகில் ஆறு புள்ளி.

கடைசியாக ஒரு குண்டு வண்டு வந்தது.

"எங்க, தின்னு பாக்கலாம்."

"இன்னிக்கு வெரதமுங்க, அம்மிணி."

"அப்ப வெரதம் முடிச்சுட்டு வா."

அசுவினியைத் தொட்டும் பார்க்காமல் இலையையே தின்று வளர்ந்த வண்டு அது. அவள் கஞ்சி குடிக்க உள்ளே போனதும், சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு கொட்டாங்கச்சிக்குள் இறங்கியது. ஆறு புள்ளிக்கே இந்த மரியாதை என்றால் இன்னும் வைத்தால் என்ன என்று, ஒருவர் முதுகில் ஒருவர் இருபத்தெட்டுப் புள்ளி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை விதைச் செடியின் உச்சியில் அது கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"யாரு நீயி?"

"காவலுங்க. மத்தவங்களுக்கெல்லாம் பெரிய காவல். புள்ளிய எண்ணிப் பாருங்களேன்."

பூவாத்தாள் எண்ணவில்லை. இலையைப் புரட்டினாள். பச்சையெல்லாம் சுரண்டப்பட்டு, நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாக இருந்தது.

"இதுதான் உங்க ஊட்டு வெரதமா?" என்று கேட்டு, கையில் அகப்பட்ட அதன் உறவினர்களையெல்லாம் பொறுக்கிக் கோழிக்குப் போட்டாள். பெரிய காவல் மட்டும் பறந்து தப்பியது. ஆறு புள்ளிக்காரர்கள் நான்கே நாளில் அசுவினியை ஒழித்தார்கள். காய் மஞ்சளாகப் பழுத்து, அடுத்த பட்டத்துக்கு விதை தந்தது.

"இனிமே எண்ணிப் பாத்துட்டு நசுக்குங்க" என்று புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்.

ஆறு புள்ளியை விட்டுவைத்து, இருபத்தெட்டுப் புள்ளியைப் பிடிக்கும் வழக்கம் அன்று முதல்தான் வந்தது. மாரப்பன் இருபதுவரை எண்ணுவதற்குள் வண்டு பறந்துவிடும்.