கைதட்டாத சலூன்

"வாத்தியாரம்மா, நான் யாருக்கு வாசிக்கிறேன்? அதை மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா இதை வாங்கிக்கோங்க."

பொன்னுரங்கம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். சகாயமேரி வாங்கவில்லை.

முப்பது வருஷம் நாடகக் கொட்டகையில் கால் ஆர்மோனியம் வாசித்த மனுஷன். ராஜபார்ட் வாயைத் திறக்குமுன்னே இவர் பெட்டிக்குக் கைதட்டல் விழும். கம்பெனி கலைந்ததும் ரேடியோ நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு மைக் பழக்கிவிடுகிறவள்தான் சகாயமேரி. இவரைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

முதல் நேரடி ஒலிபரப்பிலேயே சொதப்பல். ஒரு பாட்டு முடிந்ததும், பழக்கதோஷம், கையை எடுத்துவிட்டு 'ஒன்ஸ்மோர்' வரட்டும் என்று காத்திருந்தார். அரை நிமிஷம். ஊரெல்லாம் ரேடியோ ஊமையாகக் கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சகாயமேரி பதறிப்போய் ரெண்டு கையையும் ஆட்டினாள். பாராட்டுகிறாளாக்கும் என்று இவர் எழுந்து கும்பிடு போட்டார். அடக் கடவுளே!

இன்னொரு தரம் இப்படி ஆனால் வேலை போச்சு என்று அதிகாரி சொல்லிவிட்டார். நாளைக்கு அடுத்த நேரடி ஒலிபரப்பு.

"அவர் என்ன அனுப்புறது, நானே போறேன். சுவத்தைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருக்கும்மா. ஒரு முகம் இல்லை. அழுகையே வருது."

"அண்ணே, சவரம் பண்ணி எத்தனை நாளாச்சு?"

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன..."

"வாங்க."

கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு அவள் பின்னால் போனார். எதிர்த்தெரு சலூனில் நாற்காலி காலியில்லை. ஒரு பருத்த ஆளுக்கு முகமெல்லாம் சோப்பு நுரை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரேடியோவில் ஒரு வாசிப்பு ஆரம்பித்தது. போன வாரம் பதிவு செய்த பொன்னுரங்கத்தின் வாசிப்பேதான்.

சவரம் செய்கிறவருக்கு இவர் யாரென்று தெரியாது. பாதிக் கன்னத்தில் அவர் கத்தி நின்றுவிட்டது.

"என்னப்பா, நிறுத்திட்டே?" என்றார் நுரைக்காரர்.

"இது முடியட்டும் சார். கை ஆடுது."

"சரி, முடியட்டும். எனக்கும் அவசரமில்லை."

பாட்டு முடிந்தது. யாரும் அசையவில்லை. பொன்னுரங்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை.

"நல்லா இருந்துதா?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க! உருகிப் போச்சு."

"பின்னே ஏன் கைதட்டலை?"

சவரக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கையில கத்தி இருக்குதுங்களே."

சகாயமேரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவரக்காரர் கத்தியின் நுரையைத் துடைக்கக் காகிதம் தேடினார். தீர்ந்துபோயிருந்தது. பொன்னுரங்கம் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"எழுதின காகிதமா இருக்கே. வேணாமா?"

"துடைங்க, துடைங்க. அடுத்த பாட்டு ஆரம்பிச்சாச்சு."